வயல் மனையாகும்போது



நம் நாட்டில் ஊரை ஒட்டிய சாலைகளில் செல்வோர் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க இயலாது. நேற்றுவரை நெல்லோ கேழ்வரகோ விளைந்த நிலம் மண்கொட்டிச் சமன் செய்யப்பட்டிருக்கும். வரிசை வரிசையாகக் கற்கள் நடப்பட்டு, அவற்றின் தலையில் வண்ணம் பூசப்பட்டிருக்கும். வாயிலில் ஒரு வளைவு. அதன்மீது ஏதேனும் ஒரு 'நகர்' என்னும் பெயர். நாற்புறமும் காற்றில் ஆடும் சிறு கொடிகள். விடுமுறை நாட்களில் மக்கள் வேன்களில் அழைத்து வரப்படுகின்றனர். கணவனும் மனைவியும் மனையை அடியெடுத்து வைத்து அளக்கின்றனர். கிழக்குப் பார்த்த மனையா, மூலை மனையா, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்றெல்லாம் விசாரிக்கின்றனர். மனம் நிறைந்து முன்பணமும் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர்.

அவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றுண்டு. இந்தக் கற்கள் இந்த இடத்தில் நடப்படலாம் என்று தீர்மானித்தவர் யார்? அந்தத் தீர்மானம் எதை எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்டது? நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு இசைவு தருவதும், மறுப்பதும், நிபந்தனை விதிப்பதும் நம் உள்ளாட்சி மன்றங்களையும் நகரமைப்புத் துறையையும் சேர்ந்த பொறுப்பு. கேட்பதற்குச் சுவையற்ற அலுவலகச் செய்தி போலத் தோன்றும் இப்பொருளில்தான் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பும் ஓர் ஊரின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மனைப்பிரிவு என்பது யாது? ஒரு வயலைக் கட்டம் கட்டமாக வெட்டி விற்பது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மைதான். மனையோடு சேர்த்து வேறு மூன்றும் பிறக்க வேண்டும். ஒன்று, மனைக்குச் செல்லும் தெரு. இரண்டு, பெய்யும் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் செல்லும் வழி. மூன்று, எவருக்கும் உரிமையாகாமல் எல்லார்க்கும் உரிமையாகும் பொது இடம். மனையை வாங்குபவர் பத்திரத்தில் மனையை மட்டுமே காண்கிறார். ஆனால் அம்மனையில் குடியிருப்பதற்கு மற்ற மூன்றும் இன்றியமையாதவை. தெருவில்லாத மனையில் வீடு கட்டினால் அது தீவு. நீர்வழி இல்லாத மனையில் கட்டினால் அது குளம். தனித்தனியே மனை வாங்கும் நூறு பேரால் இவற்றை உண்டாக்கிக்கொள்ள முடியாது. விற்பவர் தாமாகவே மனமுவந்து விடுவார் என்று எதிர்பார்ப்பதும் அரிது. அதற்குக் காரணம் கெட்ட மனம் என்பதைவிடக் கணக்கு என்பதே பொருத்தம்.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 5 ஏக்கர் நிலம் உள்ளதாகக் கொள்வோம். அது 2,17,800 சதுர அடி. அதில் நான்கில் ஒரு பங்கு தெருக்களுக்குப் போனால் எஞ்சுவது 1,63,350 சதுர அடி. தமிழ்நாட்டு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரிக்கும்போது, தெருக்கள் போக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டிடம் முதலிய பொதுப் பயனுக்கென ஒதுக்கி, உள்ளாட்சி மன்றத்துக்குத் தானப் பத்திரம் வாயிலாக எழுதிக்கொடுக்க வேண்டும். 5 ஏக்கர் என்பது 20,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்டதாகையால் இவ்விதி இங்கே பொருந்தும். அந்தப் பத்தில் ஒரு பங்கையும் கழித்தால் 1,47,015 சதுர அடி நிற்கும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வீதம் பிரித்தால் 122 மனைகள் தேறும். இதுவே, இசைவு பெறாமல், தெருக்களைக் குறுக்கிப் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தி, பொது இடம் என்பதே இல்லாமல் பிரித்தால் 163 மனைகள் தேறும். வேறுபாடு 41 மனைகள். விதியை மீறத் தூண்டும் ஆசை முழுவதும் இந்த 41 மனைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த 41 மனைகளும் எங்கிருந்து வந்தன? வண்டி நுழைய வேண்டிய தெருவின் அகலத்திலிருந்தும், குழந்தைகள் ஓடியாட வேண்டிய வெளியிலிருந்தும் வந்தன. மீதி 122 பேருக்கும் உரிய பொதுச் சொத்தே துண்டு போடப்பட்டு விற்கப்பட்டது. இதனைத் தடுக்க விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் அப்பாற்பட்ட மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அந்த மூன்றாமவரே உள்ளாட்சி.

நிலத்தையும் நீரையும் ஊர்ச்சபை பேணுவது தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற பெயர்களில் தனித்தனிக் குழுக்கள் அங்கே இயங்கியதையும், அவற்றின் உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அவை கூறுகின்றன. அச்சபை ஊரிலுள்ள எல்லாக் குடிகளையும் தன்னுள் கொண்டதன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழு வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது.

இக்காலத்து நகரமைப்பு நம் மாநிலத்துக்கு வந்த வரலாறும் சுவையானது. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடஸ் என்பவரைச் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு 1914-ஆம் ஆண்டில் இங்கே அழைத்தார். நகரங்களைப் பற்றிய தம் கண்காட்சிப் படங்களையெல்லாம் கெடஸ் கப்பலில் அனுப்பினார். அக்கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னை மீது குண்டு வீசி, 'எம்டன்' என்ற சொல்லையே நம் பேச்சு வழக்கில் விட்டுச் சென்ற அதே கப்பல்தான். அவருடைய நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. பிறகு கெடஸ் மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். ஊரை முதலில் நடந்து பார்க்க வேண்டும். அதன் நோயையும் நலத்தையும் மருத்துவரைப் போல அறிய வேண்டும். அதன் பின்னரே தாளில் கோடு கிழிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்கவில்லை. தூய்மையாக வைத்து மீன் வளர்த்தால் குளமே ஊருக்குக் குளிர்ச்சி என்றார்.

இவ்வெண்ணங்கள் பரவிய காலத்தில், 1920-ஆம் ஆண்டில், சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் தொடக்க காலப் பயன்களில் ஒன்று இன்றைய தியாகராய நகர். 1920-களில் மாம்பலத்தில் அது வகுக்கப்பட்டது. நடுவே பனகல் பூங்கா. அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள். தெருக்களுக்கும் மனைகளுக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட்ட அளவு. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பூங்கா பூங்காவாகவே நிற்கிறது. வீடு கட்டுவதற்கு முன்னரே அதன் எல்லை குறிக்கப்பட்டதுதான் காரணம். ஆனால் அதே திட்டத்துக்காக மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டது. இன்று மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு; பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு; கரை காக்க வேண்டிய நீர் இல்லை. ஆகவே ஒரே திட்டத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முன்கூட்டிக் குறித்த பொது இடம் நிலைத்தது. முன்கூட்டிக் காக்கப்படாத ஏரி தெருப்பெயராக மட்டும் எஞ்சியது.

இனி இன்றைய முறையைக் காண்போம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பழைய 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. முழுமைத் திட்டம் என்று ஒன்றை வகுத்து, எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது வேளாண்மைக்கு என்று அச்சட்டத்தின்கீழ் குறிக்கின்றனர். சென்னைப் பெருநகரப் பகுதியில் மனைப்பிரிவுக்குத் திட்ட இசைவு தரும் பொறுப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துடையது. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆராய்ந்து இசைவளிக்க, அதன்மேல் உள்ளாட்சி மன்றம் இறுதி அங்கீகாரம் தருகிறது. கிராம ஊராட்சிக்கும் இதே முறைதான். அத்துறையின் முன் இசைவு இல்லாமல் ஊராட்சி மன்றத் தலைவர் மட்டும் கையொப்பமிட்டு ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்க இயலாது.

இந்த ஒரு செய்தி மக்களுக்கு எட்டாததனால் விளைந்த துன்பம் பெரிது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற இரண்டு சொற்களை நம்பிப் பல்லாண்டு காலமாக மக்கள் மனை வாங்கினர். ஊராட்சியின் முத்திரை இருந்தது. ஊராட்சிக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. முத்திரையும் இல்லாமல், விளைநிலம் என்றே பத்திரம் எழுதிச் சென்ட் கணக்கில் விற்றவர்களும் உண்டு. வரைபடத்தில் தெரு என்று காட்டப்பட்ட நிலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கப்படாமல், பட்டாவில் விற்றவர் பெயரிலேயே நின்றது. பூங்கா என்று சொல்லப்பட்ட இடம் சில ஆண்டுகள் கழித்து அடுத்த மனையாக விலைபோனது. தெரு தனக்குரியது என்று ஆகாத இடத்தில், மன்றம் சாலை போடவும் விளக்கிடவும் சட்டம் தடையாக நின்றது. மனை வாங்கியவரோ, வரி கட்டியும் சேற்றில் நடந்தார்.

இந்நிலையில் 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்பது அதன் சாரம். விளைநிலங்கள் கட்டுப்பாடின்றி மனைகளாவதை எதிர்த்த பொதுநல வழக்கில் எழுந்த ஆணை அது. அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரமற்ற மனையைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்று கூறும் அப்பிரிவு 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இயற்றப்பட்டு, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

ஆணையின் நோக்கம் நன்று. அதன் அடி யார்மீது விழுந்தது? மனைகளைப் பிரித்து விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு எப்போதோ சென்றுவிட்டார். காணாததுபோல் இருந்த அலுவலகங்களுக்கு இழப்பேதும் இல்லை. மகளின் திருமணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ, மகனின் படிப்புக்கோ அந்த ஒரு மனையை விற்க எண்ணியிருந்த எளிய குடும்பமே கையைப் பிசைந்து நின்றது. பத்திரம் பெட்டியில் இருந்தது. அதனை மாற்றிக்கொடுக்க வழியில்லை. வங்கிக் கடன் பெற்று வீடு கட்டவும் இயலவில்லை. எந்தத் தவற்றைத் தடுக்க விதி ஏற்பட்டதோ, அந்தத் தவற்றைச் செய்யாதவரே அதன் விலையைக் கொடுத்தார்.

பின்னர் 2017 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை, உரிய கட்டணங்களைப் பெற்றுக்கொண்டு ஒழுங்குக்குட்படுத்த அவை வழி செய்தன. நீர்நிலைகளிலும் ஆற்று வழிகளிலும் பொதுச் சாலைகளிலும் அமைந்த மனைகளுக்கு மட்டும் அச்சலுகை இல்லை என்று விதிகள் கூறின. மக்களின் இடர் ஓரளவு நீங்கியது. ஆயினும் இவ்வாறு மன்னிப்பதிலும் ஒரு குறை தங்கிவிடுகிறது. கட்டணத்தைக் கட்டலாம்; பத்து அடியாகிப்போன தெருவைக் கட்டணம் அகலமாக்காது. விற்றுத் தீர்ந்த பூங்காவைப் பணம் மீட்டுத் தராது. மறுத்தால் ஏழை அழிகிறான். இசைந்தால் ஊர் குறைபடுகிறது. இந்த இருதலைக்கொள்ளியில் சிக்கியவர்க்கு நல்ல முடிவு என்று ஒன்று இல்லை. நல்ல முடிவுக்குரிய காலம், கல் நடுவதற்கு முந்திய நாளோடு கழிந்துவிட்டது. இன்றைய உரையில் நான் சொல்ல வந்தது இதுதான்: கட்டுப்பாடு முன்னே வந்தால் அது காவல்; பின்னே வந்தால் அது தண்டனை.

இங்கே ஒரு நியாயமான வினா எழும். நிலம் என்னுடையது, பட்டா என் பெயரில், அதனை நான் விற்கவும் பிரிக்கவும் கட்டவும் பிறர் ஏன் தடை விதிக்க வேண்டும்? இந்த வினா உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரை அடுத்த யூக்ளிட் என்னும் சிற்றூர் 1922-ஆம் ஆண்டில், எந்தப் பகுதியில் எத்தகைய கட்டடம் வரலாம் என்று வரையறுத்தது. 68 ஏக்கர் நிலத்தை வைத்திருந்த நிறுவனம் ஒன்று, இதனால் தன் நிலத்தின் மதிப்புக் குறைகிறது என்று வழக்காடியது. 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருவர் தம் நிலத்தைப் பயன்படுத்தும் முறை அண்டையாரின் நலத்தைத் தொடும்போது, ஊர் தலையிடலாம் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

நம் நாட்டில் இவ்வுண்மையை விளக்க மழையே போதும். நீர் பட்டாவைப் பார்த்துப் பாய்வதில்லை. மேட்டில் பெய்த மழை ஓடைவழியே ஏரிக்கும், ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கும் செல்லும்படி நம் முன்னோர் சங்கிலிபோல் அமைத்தனர். இடையில் ஒரு வயலை மேடாக்கி மனை பிரித்தால், அந்நீர் அடுத்தவர் வீட்டுக் கூடத்துக்குள் செல்லும். பழவந்தாங்கல், வேளச்சேரி போன்ற ஊர்களில் இதைக் காணலாம். 'தாங்கல்' என்பதே நீரைத் தேக்கிவைக்கும் சிறு ஏரியைக் குறிக்கும் சொல். வேளச்சேரியை அடுத்துப் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மழைக்காலத்து நீரையெல்லாம் வாங்கி மெல்லக் கடலுக்கு விடும் தாழ்நிலம். அதன் பெரும்பகுதி நம் காலத்திலேயே கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் இரையாயிற்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்ததைக் கண்டோம். எஞ்சிய சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

சென்னைப் பெருநகருக்கு 2008-இல் வகுக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தில் இத்தகைய இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரமாய் நல்ல நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மணற்பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். இங்கே நிலம் வைத்திருப்போர் தம் பக்கத்து ஊரார் நினைத்தபடி கட்டும்போது தமக்கு மட்டும் தடையா என்று மனம் வருந்துவது இயல்பே. அவர்களது ஏரியில் சேரும் நீரையே நகரத்தார் பருகுகின்றனர். ஆதலின் தடையின் காரணத்தை அவர்களுக்கு எடுத்துரைப்பதும், அந்தத் தடையைச் செல்வாக்குடையார்க்கு ஒருவிதமாகவும் மற்றவர்க்கு வேறுவிதமாகவும் நெகிழ்த்தாதிருப்பதும் அதிகாரம் பெற்றோரின் கடமை. எல்லார்க்கும் ஒன்றாய் நிற்கும் கட்டுப்பாட்டை மக்கள் பொறுத்துக்கொள்வர். ஆளுக்கேற்ப வளையும் கட்டுப்பாட்டை எவரும் மதியார்.

கட்டுப்பாடு என்ற பெயரில் தீங்கு நேர்வதும் உண்டென்பதை மறத்தலாகாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊர், பெரிய மனைகளையும் தனி வீடுகளையுமே வற்புறுத்தும் விதிகளை இயற்றியது. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த எளிய கறுப்பின மக்களும் சொந்த ஊரில் வீடு பெற முடியாத நிலை வந்தது. 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஏழையும் குடியிருக்க இடமளிப்பது ஊரின் கடமை என்றும் கூறியது. பயிரைக் காக்கும் வேலி வேறு. ஏழையைத் தடுக்கும் மதில் வேறு. இரண்டும் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தோன்றும். நம்மவர் விதியை எழுதும்போது இதனையும் கருத வேண்டும். சிறு மனைக்கே வசதியுள்ள ஒருவர் நேர்வழியில் அங்கீகாரம் பெற்ற மனையை வாங்க முடியாதபடி விலையும் காலதாமதமும் உயர்ந்துவிட்டால், அவர் அங்கீகாரமற்ற மனையைத்தான் நாடுவார். விரைவாகவும் கையூட்டின்றியும் இசைவு தருவது, விதிமீறலைத் தடுக்கும் வழிகளுள் தலையாயது.

சரி, முன்கூட்டியே பூங்காவுக்கு இடம் ஒதுக்கிவிட்டோம். அத்தோடு கடமை முடிந்ததா? முடியவில்லை என்பதைப் பெங்களூர் வழக்கு ஒன்று காட்டும். அந்நகரின் ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில், திட்டத்தில் பூங்காவுக்கென்று குறித்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினர். மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்று வாதம் எழுந்தது. அப்பகுதியில் குடியிருந்தோர் நீதிமன்றம் சென்றனர். 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. பூங்கா என்று மக்களுக்கு உறுதி கூறப்பட்ட திறந்தவெளியை, ஆட்சியில் இருப்போர் தம் விருப்பத்துக்கேற்ப மாற்ற முடியாது; அந்த வெளியைக் காக்கக் கேட்கும் உரிமை அங்கே வாழும் குடிமக்களுக்கு உண்டு. இவ்விரண்டும் அத்தீர்ப்பால் நிலைபெற்றன. பொது இடத்துக்குக் கற்சுவரும் இரும்புக் கம்பியும் காவலல்ல. அது தங்களுடையது என்று அறிந்திருக்கும் மக்களே காவல்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. மனை வாங்க எண்ணுவோர் விளம்பரத்தை விடுத்து ஆவணங்களைக் காண வேண்டும். வில்லங்கச் சான்று நிலத்தின்மீது கடனும் வழக்கும் இருப்பதைப் பற்றி ஓரளவு சொல்லும். அங்கீகாரத்தைப் பற்றிச் சொல்லாது. திட்ட இசைவின் எண்ணையும், இசைவளிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்கி, அதனை அளித்த அலுவலகத்திலேயே சரிபார்த்தல் வேண்டும். வரைபடத்தில் காணும் தெருவும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் வாயிலாக எழுதிக்கொடுக்கப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். புலப்படத்தில் அந்நிலத்தின் வழியே வாய்க்காலோ ஓடையோ செல்கிறதா என்று காணல் வேண்டும். கோடையில் மட்டும் மனையைப் பார்க்காமல், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட மேலானது.

ஊரார் செய்ய வேண்டுவது இன்னும் இன்றியமையாதது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே தெருவிளக்கைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுகிறோம். ஊரின் ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் நிலம், களம் ஆகிய அனைத்தையும் சர்வே எண்ணோடு எழுதிப் பொது இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவதற்கு எவருடைய தயவும் வேண்டுவதில்லை. புதிய மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வரும்போது அதன் வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும்படி கேட்கலாம். ஊரின் நீர்வழியைத் தாளில் கண்டறிய அலுவலர்க்குப் பல நாட்கள் ஆகலாம். அங்கே எழுபது மழைக்காலங்களைக் கண்ட மூதாட்டி ஒருவர் அதனைக் கைநீட்டிக் காட்டிவிடுவார். அவர் அறிவு, கல் நடுவதற்கு முன் அலுவலரின் கோப்பில் ஏற வேண்டும்.

உள்ளாட்சி மன்றத்தில் அமர்ந்திருப்போர்க்கும் ஒரு சொல். தாங்கள் இடும் கையொப்பங்களுள் பலவற்றை அடுத்த மன்றம் மாற்றிவிடலாம். தீட்டிய வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தலாம். போட்ட சாலையைப் பெயர்த்து மீண்டும் போடலாம். மனைப்பிரிவுக்கு இடும் கையொப்பமோ அத்தகையதன்று. அது நூறு குடும்பங்களின் வாசற்படியாகிவிடும். பேரன் காலத்திலும் அந்தத் தெரு அதே அகலத்தில்தான் இருக்கும். நீர் அதே பள்ளத்தைத்தான் தேடும். ஆகவே, இசைவு தருவதற்குமுன் ஒருநாள் அந்த நிலத்துக்கு நேரில் சென்று, அதன் நான்கு எல்லைகளையும் நடந்து பார்த்து, நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போகிறது என்று கேட்டறிதல் வேண்டும். அந்த ஒருநாள் உழைப்பு, பின்னர் பலர் பல்லாண்டுகள் நீதிமன்றத்திலும் வெள்ளத்திலும் படும் துன்பத்தை மிச்சப்படுத்தும்.